குளிசை கேட்டு வந்த முகம்

நீங்கள் பார்மசிப் படிப்பை முடித்து வெளியே வரும்போதே மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமையோடு வருகிறீர்கள். எனக்கு அதில் ஒரு துண்டு, வேலையின் கடைசி இரண்டு வருடங்களில்தான் கிடைத்தது. அதற்கு முன் முப்பது வருடத்துக்கு மேல் டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். சீட்டில் பிழை தெரிந்தால் போன் எடுத்துக் கேட்பேன். ஆனாலும் கீழே இருப்பது வேறொருவரின் கையெழுத்து. அந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்று அது போன பிறகுதான் தெரிந்தது.

கருத்தடை மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, கேட்டு வரும் பெண்ணிடம் நீங்களே விசாரித்து, ப்ரெஷர் பார்த்து, நீங்களே கொடுக்கலாம் என்று சட்டம் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்கும் பெண்களை நான் கவுன்டரில் தினமும் பார்த்தவள். பயிற்சிக்குப் போனேன். லண்டன் குட்மேய்ஸில் இருந்த எங்கள் பார்மசியின் பின்பக்கம் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, இரண்டு கதிரையும் ஒரு மேசையும் போட்டோம். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் கடையின் சத்தம் முழுதாக நின்றுவிடும். சில நேரம் உள்ளே இருப்பவரின் மூச்சு மட்டும்தான் கேட்கும்.

அந்த அறையில் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றி வாசுகி என்று வைத்துக்கொள்கிறேன்.

அவள் முதலில் வந்தது ஒரு நவம்பர் காலை, மழை பெய்துகொண்டிருந்தது. முப்பது வயது இருக்கும். கடும் நீலக் கோட். கதவருகே இருந்த கதிரையில் கேட்காமலே உட்கார்ந்தாள். இரண்டு ஹோர்மோனும் சேர்ந்த மாத்திரைதான் வேண்டும் என்றாள். அந்த மாத்திரை எல்லோருக்கும் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். தலைவலி வருமுன் கண்ணில் வெளிச்சம் மின்னும் பெண்களுக்கு அதைக் கொடுத்தால் மூளையில் இரத்தம் கட்டும் ஆபத்து கூடுகிறது. அதனால் அந்தக் கேள்வியை நான் எப்போதும் மெதுவாகக் கேட்பேன்.

"தலையிடி வாறதோ, பிள்ளை?"

"இல்லை, அன்ரி."

"வந்தால் அதுக்கு முன்னம் கண்ணில..."

"இல்லை. வெளிச்சம் ஒண்டும் தெரியிறேல்லை."

வெளிச்சம் என்ற சொல்லை நான் இன்னும் சொல்லவில்லை. அவள் என் தோளுக்குப் பின்னால் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றக் கேள்விகளுக்கும் அப்படித்தான். கேள்வி முடியுமுன் பதில் வந்து நின்றது. ப்ரெஷர் பார்க்க இடது கைச் சட்டையைத் தோள் வரை சுருட்டினேன். எங்கள் ஊரில் குழந்தைக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசியின் வடு இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. பிசைந்த மாவில் இரண்டு விரலை அழுத்தி எடுத்ததுபோல் அடுத்தடுத்து. சிலருக்குப் பிறகு இரண்டாவது ஊசியும் போடுவார்கள். ப்ரெஷர் நன்றாகவே இருந்தது.

முதன்முதலாக இந்த மாத்திரை எடுப்பவர்கள் ஏதாவது கேட்பார்கள். உடம்பு வைக்குமா, பிறகு பிள்ளை பிறக்குமா, முகத்தில் பரு வருமா. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இரத்தம் சரியா அதே நாளில வருமோ?"

"பெரும்பாலும் வரும். இருபத்தொரு நாள் போட்டு ஏழு நாள் விடவேணும். அந்த ஏழு நாளுக்குள்ள வரும்."

"நாள் மாறாதோ?"

"ஒழுங்காப் போட்டால் மாறாது."

அப்போதுதான் அவள் மூச்சை விட்டதுபோல் இருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு, "அவளுக்கு... எனக்கு இது மூண்டு மாசத்துக்குக் காணுமோ?" என்றாள். போதும் என்றேன். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். அந்த "அவளுக்கு" என் காதில் விழுந்தது. நான் அதைக் கீழே குனிந்து எடுக்கவில்லை.

பெப்ரவரியில் மறுபடி வந்தாள். அதே நீலக் கோட், அதே முகம். இந்த முறை கூடவே அவளுடைய மாமி, புருஷனின் தாய். மாமியை எனக்கு முன்பே தெரியும். எங்களிடம்தான் சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுப்பார். பாரிஸில் பல வருடம் இருந்துவிட்டு மகனோடு லண்டன் வந்தவர். "தங்கச்சி, இவளுக்கு ஒருக்கா ப்ரெஷரைப் பாத்து விடுங்கோ. முகம் வெளுத்துக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, தன் மருந்துக்காகக் கவுன்டர் பக்கம் உட்கார்ந்தார்.

கதவைச் சாத்தினேன். வாசுகி நின்றாள்.

"எதில இருக்கிறது, அன்ரி?"

போன முறை கேட்காமல் உட்கார்ந்தவள். நான் கதிரையைக் காட்டினேன். மாத்திரை ஒத்துக்கொண்டதா என்றேன். ஓம் என்றாள். மறுபடியும் கேள்விகளைக் கேட்டேன். அதே பதில்கள், அதே சொற்கள். "வெளிச்சம் ஒண்டும் தெரியிறேல்லை" என்பதும் வந்தது. ஆனால் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்புவிப்பதுபோல், ஒவ்வொன்றும் முடிந்ததும் சரியா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

சட்டையைச் சுருட்டினேன். கையில் ஒரு வடுதான் இருந்தது.

மற்றக் கையாக இருக்குமோ என்று, காரணம் ஏதோ சொல்லி, வலது கையையும் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. வடு மறையாது. இரண்டு வடு ஒன்றாகாது. அப்படியென்றால் நான் பிழையாக நினைவு வைத்திருக்கிறேன். எனக்கு அப்போது அறுபத்தாறு வயது. அந்த வருடம் வீட்டுச் சாவியை இரண்டு முறை தொலைத்திருந்தேன். இப்படித்தான் தொடங்குமோ என்று நினைத்தேன். முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூக்கு, புருவம், தாடை எல்லாம் அதேதான். ஆனால் அந்தக் கண்களுக்குள் இருந்தவள் என்னை இதற்கு முன் பார்த்ததில்லை. அந்த உணர்வை எந்தப் படிவத்தில் எழுதுவது?

"லைட்டைக் கொஞ்சம் குறைக்க ஏலுமோ?" என்றாள்.

ஏலாது, ஒரே சுவிட்ச் என்றேன். கையெழுத்துப் போடப் பேனையைக் கொடுத்தேன். அவள் பேனையைப் பிடித்தபடி இருந்தாள், எழுதவில்லை. தாளைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மிகவும் சாதாரணமாக, மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"அன்ரி, உங்கட முகத்தில பாதி இல்லை."

நான் என்னையறியாமல் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த மூடிய அறையில் நீங்களும் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்.

"எந்தப் பக்கம் இல்லை?"

"இந்தப் பக்கம்." வலது கையைத் தூக்கப் போனாள். பேனை விழுந்தது. "அந்த இடத்தில கண்ணாடி உடைஞ்ச மாதிரி மினுங்குது. அது போயிடும். எப்பவும் போறதுதான். ஆனா கையில விரல் இல்லாத மாதிரி கிடக்கு. இது முந்தி வாறேல்லை."

அப்போதுதான் எனக்கு மனம் தெளிந்தது. பயம் போகவில்லை, ஆனால் அதற்கு ஒரு வேலை கிடைத்தது. இது வெறும் தலைவலியின் முன்னறிவிப்பாக இருக்கலாம். பக்கவாதமாகவும் இருக்கலாம். அந்த அறையில் இருந்துகொண்டு எது என்று சொல்லக் கூடிய ஆள் நான் இல்லை. சிரிக்கச் சொன்னேன், இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். வலது கை கொஞ்சம் தாழ்ந்தது. பேச்சு சரியா என்று பார்க்க வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"உங்கட பெயரைச் சொல்லுங்கோ."

அவள் யோசித்தாள். நீண்ட நேரம் யோசித்தாள்.

"எந்தப் பெயர்?" என்றாள்.

நான் போனை எடுத்தேன். அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அன்ரி, மாமி வெளியால நிக்கிறா. அண்டைக்கு வந்தது நான் இல்லை. அது என்ர அக்கா."

அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவள் பிடித்த கையை விடவில்லை. மற்றக் கையால் கூப்பிட்டேன். அவளிடம் சொன்னேன்: "உங்களுக்குச் சுகமில்லை எண்டது மாமிக்குத் தெரியப்போகுது. அதை என்னால மறைக்க ஏலாது. குளிசையைப் பற்றி என்ர வாயால ஒரு சொல் போகாது." அவள் கேட்டாளா இல்லையா தெரியவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது.

அம்புலன்ஸ் வரும்வரை அவளைப் பேச வைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு நிற்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் கேட்டேன். ஆனால் மூன்று மாதம் முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை. இடையிடையே சொற்கள் அவளுக்குத் தப்பின. கலண்டர் என்ற சொல் வரவில்லை. "சுவரில... எண் இருக்கிறது... சாமிப் படத்தோட" என்று கையால் சதுரம் போட்டுக் காட்டினாள்.

போன வருடம் அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் பிள்ளை போய்விட்டது. இன்னொரு முறை அதைத் தாங்க இப்போது ஏலாது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. மாமி கெட்டவர் அல்ல, ஆனால் ஆசையாகக் காத்திருந்தார். மாதவிலக்கென்று வாசுகி சாமி விளக்கு ஏற்றாத நாட்களுக்கு, தமிழ்க் கடையில் தந்த கலண்டரில் மாமி புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். அவளுக்கு ஒரு ஹோர்மோன் மட்டும் உள்ள மாத்திரை ஆபத்தில்லாமல் இருந்திருக்கும். ஆனால் அதில் இரத்தம் நினைத்த நேரத்துக்கு வரும், வராமலும் போகும். புள்ளிகள் குழம்பினால் மாமி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார், எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் நாள் தவறாத மாத்திரைதான் வேண்டும். வெளிச்சம் தெரியும் தலைவலிக்காரருக்கு அதைத் தரமாட்டார்கள் என்று இன்டர்நெட்டில் பார்த்தது அக்கா. ஒரு வயது மூத்தவள், பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போல, ஆனால் தலைவலியே தெரியாதவள். "உனக்குப் பொய் சொல்ல வராது, நான் போறன்" என்று தங்கையின் கோட்டையும் பெயரையும் போட்டுக்கொண்டு அவள் வந்தாள். இந்த முறை அக்காவுக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை, மாத்திரை இரண்டு நாளில் முடிகிறது.

"சாப்பிடத் தொடங்கின பிறகு வெளிச்சம் கூட வந்ததோ?"

"ஓம். கிழமையில ரெண்டு தரம்."

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, மூன்று தட்டு. வாசுகி என் முகத்தில் இருந்த பாதியைப் பார்த்தாள். நான் கவுன்டரில் வேலை செய்த பெண்ணைக் கூப்பிட்டு வாசுகியின் பக்கத்தில் இருத்திவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.

மாமி நின்றார். மருந்துப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"என்ன தங்கச்சி, இவ்வளவு நேரம்?"

"அவவுக்குச் சுகமில்லை, அக்கா. அம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறன். நீங்கள் கூடப் போகலாம்."

அவர் பயந்தார். பிறகு அந்தப் பயத்துக்குள்ளேயே முகம் மலரத் தொடங்கியதைப் பார்த்தேன். நான் அந்தக் கடையில் பார்த்தவற்றில் என்னை மிகவும் நடுங்கவைத்தது அந்த மலர்ச்சிதான்.

"பிள்ளை உண்டாகியிருக்கிறாளோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அதை நான் சொல்ல ஏலாது, அக்கா. எதெண்டாலும் அவ தானே சொல்லுவா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அம்புலன்ஸில் வந்தவர்களுக்கு மாத்திரையின் விவரம் தெரிந்தே ஆகவேண்டும். மாமியோ அதே வண்டியில் ஏறப்போகிறார். நான் ஒரு தாளில் மாத்திரையின் பெயரையும், எத்தனை மாதம் எடுத்தாள் என்பதையும், அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும், குடும்பத்தார் முன் இதைப் பேச வேண்டாம் என்பதையும் எழுதி, மடித்து, வந்த பெண்ணின் கையில் வைத்தேன். அவள் அங்கேயே வாசித்து, தலையாட்டி, சட்டைப் பையில் போட்டாள். அவசரத்தில் நம்மில் பலர் உரத்துச் சொல்லிவிடுகிறோம். ஒரு தாளும் பேனையும் எப்போதும் பக்கத்தில் வைத்திருங்கள்.

ஸ்கேனில் இரத்தக் கட்டு இல்லை. தலைவலியின் கடும் வகை என்றார்கள். அந்த மாத்திரையை இனித் தொடக்கூடாது என்றார்கள். அது எனக்குத் தெரிய நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் நான் தூங்கவில்லை. நடந்த பிழையை எங்கள் பார்மசிக்குப் பொறுப்பானவருக்கும், அவளுடைய டாக்டருக்கும் எழுதினேன். எழுதும்போது கம்ப்யூட்டரில் அவளுடைய பதிவைத் திறந்து பார்த்தேன். ஒரே பெயருக்குக் கீழே இரண்டு பெண்களின் ப்ரெஷர் இருந்தது. இரண்டும் நல்ல எண்கள். பார்க்கிற எவருக்கும் ஒரு சந்தேகமும் வராது.

அடுத்த கிழமை, மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம். கதவு திறந்தது. அதே முகம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள் என்று எழுந்தேன். பிறகு அவள் கேட்காமலே பின்பக்க அறையை நோக்கி நடந்ததைப் பார்த்து, யார் என்று விளங்கியது. உள்ளே போய், கதவருகே இருந்த கதிரையில் உட்கார்ந்து, தானாகவே சட்டையைத் தோள் வரை இழுத்துக் காட்டினாள். இரண்டு வடு.

"ரெண்டு கையிலயும் இதைத் தேடிப் பாத்தனீங்கள் எண்டு தங்கச்சி சொன்னவள்."

"ஓம்."

"என்னைப் பொலிசில குடுப்பீங்களோ?"

"இல்லை."

"நான்தான் அவளைக் கொல்லப் பாத்தனான்." அழவில்லை. சுவரையே பார்த்தாள், முதல் நாளைப் போல. "அன்ரி, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு என்னில உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையோ?"

எனக்கு இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. அவளுக்கும் அது சுலபமாக இருந்திருக்கும்.

"வந்தது," என்றேன். "நான் கேக்கேல்லை."

நான் உங்களுக்குச் சொல்ல வந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு பதில்தான். கேள்வித்தாளில் இருந்த எல்லாவற்றையும் கேட்டேன். அதில் இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை: நாள் மாறினால் உங்களுக்கு என்ன நடக்கும்? அதைக் கேட்டிருந்தால், ஹோர்மோன் இல்லாத, கருப்பைக்குள் வைக்கும் செப்புக் கம்பியைப் பற்றிச் சொல்லியிருப்பேன். கிளினிக்கில் உள்ளே வைத்துவிடுவார்கள். மாதவிலக்கு அதன்பாட்டில் வரும், கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். பதில் என் வாயிலேயே இருந்தது. அக்காவிடம் அதைச் சொன்னேன். மார்ச் மாதத்தில் வாசுகி போய் வைத்துக்கொண்டாள். சொல்ல அவளே வந்தாள். இந்த முறை கதிரையைக் கேட்காமல் உட்கார்ந்தாள், என் முகம் முழுதாகத் தெரிகிறது என்றாள். புருஷனிடம் ஒருநாள் சொல்லத்தான் வேண்டும் என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை. அது என் கேள்வி இல்லை.

ஜூனில் நான் ஓய்வு பெற இரண்டு கிழமை இருக்கும்போது மாமி தனியே வந்தார். மருந்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். அந்த அறையில் ஒருக்கா இருக்கலாமா என்றார். உள்ளே வந்து, கதவைத் தானே சாத்தினார்.

"அண்டைக்கு நான் கேட்டனான், பிள்ளை உண்டோ எண்டு. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

"இல்லை."

"சொல்லேல்லைத்தான். ஆனா உண்டு எண்டால் உங்கட முகம் அப்பிடி இருந்திராது, தங்கச்சி. கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து ரா முழுக்க யோசிச்சனான். விளங்கிட்டுது."

ஒரு சொல்லும் வெளியே போகாமல் காத்தேன் என்று நான் பெருமைப்பட்ட காரியம் அது. என் முகம் போய்ச் சொல்லியிருந்தது.

"கலண்டரைக் கழட்டிப் போட்டன். ஏனெண்டு அவள் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. நான் ஆசையில எண்ணினனான். அவள் பயத்தில எண்ணியிருக்கிறாள். ஒரே வீட்டுக்குள்ள இருந்து ரெண்டு பேரும் ஒரே நாளை எண்ணியிருக்கிறம். எனக்குத் தெரியாமல் போச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குத் தெரியும் எண்டது அவளுக்குத் தெரிய வேண்டாம். அவளா எப்ப சொல்லுறாளோ, அப்ப சொல்லட்டும். நான் செய்யிறது சரிதானே?"

ஓம் என்று தலையாட்டினால் அவர் நினைத்ததை நான் உறுதிசெய்ததாகிவிடும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. ப்ரெஷர் மெஷினின் பட்டியை எடுத்தேன்.

"கையை நீட்டுங்கோ, அக்கா. ஒருக்காப் பாப்பம்."

நீட்டினார். மெஷின் இறுக்கி, விட்டு, எண்ணைக் காட்டியது. இரண்டாம் முறையும் பார்த்தேன். நூற்று எண்பத்திரண்டு. எவ்வளவு நாளாக இப்படி இருந்ததோ, அவரை யாரும் பார்க்கவில்லை. மாதாமாதம் மருந்து எடுத்துக் கொடுத்த நானும் பார்க்கவில்லை. அவருடைய டாக்டருக்கு அங்கேயே போன் பண்ணி அன்று பின்னேரமே பார்க்கச் சொன்னேன்.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கதவில் கை வைத்தபடி திரும்பினார்.

"என்னத்தால எண்டு டாக்டர் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லுங்கோ," என்றேன். "அவர் கேக்காட்டியும் சொல்லுங்கோ."